வித்தியாசமான கூரை

மினசோட்டாவில் எங்கள் நெஸ்ட்ரூப் ஊரில் யாரும் யாரையும் பார்த்து ‘வேண்டாம்’ என்று சொன்னதில்லை. பிடிக்காத ஒன்றைக் கண்டால் ‘வித்தியாசமா இருக்கு’ என்பார்கள், அவ்வளவுதான். மருமகள் மூக்கில் வளையம் மாட்டிக்கொண்டு வந்தால் வித்தியாசமா இருக்கு. பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை கிடார் வாசித்தால் வித்தியாசமா இருக்கு. அதைவிடக் கடுமையான சொல் எங்களிடம் இல்லை, தேவைப்பட்டதும் இல்லை. அதைக் கேட்ட மறுநாளே வளையம் கழன்றுவிடும், கிடார் பெட்டிக்குள் போய்விடும்.

நியூஜெர்சியிலிருந்து கார்மைன் குடிவரும்வரை இந்த ஏற்பாடு நன்றாகத்தான் நடந்தது.

கார்மைன் வந்து இறங்கியது வெர்லின் டோலஃப்சனின் பக்கத்து வீட்டில். வெர்லின் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பேருந்துக்குள் பிள்ளைகள் செருப்பைத் தூக்கி அடித்துக்கொண்டாலும் கண்ணாடியில் பார்த்து, “இன்னிக்குக் கொஞ்சம் கலகலப்பா இருக்கே” என்பாரே தவிர அதட்டியதில்லை. அவரிடம் ஒரு பழைய கேம்பர் இருந்தது. காருக்குப் பின்னால் தட்டையான பெட்டியாகப் போகும். போன இடத்தில் கைப்பிடியைச் சுற்றினால் கூரை மேலேறும், சுற்றிலும் துணிச்சுவர் விரியும், இரண்டு பக்கமும் படுக்கை வெளியே நீளும். கூடாரம் என்றால் வெர்லினுக்குக் கோபம் வரும், வீடு என்றால் மற்றவர்களுக்குச் சிரிப்பு வரும். அப்படி ஒரு வஸ்து அது. வருடா வருடம் ஜூன் கடைசியில் அவரும் மனைவி ஆர்டிஸும் அதை இழுத்துக்கொண்டு பிட்டர்ன் ஏரிக்குப் போய் ஒரு வாரம் தங்குவார்கள்.

இந்தக் குளிர்காலத்தில் ஆர்டிஸுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. முதல் தடவை சரியாகக் கூடவில்லை என்று மறுபடியும் திறந்தார்கள். மாதக்கணக்கில் படுக்கை. ஒன்றும் கேட்கமாட்டாள். வலிக்கிறதா என்றால், “இருக்கலாம்” என்பாள். மார்ச்சில் ஒரு நாள், ஜன்னலில் பனி பாதி உயரத்துக்கு நின்றபோது, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“இந்த வருஷமும் ஏரிக்குப் போனா ஒண்ணும் மோசமா இருக்காது.”

வெர்லின் காபிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்துபோய், கார் நிறுத்தும் கொட்டகையில் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். மற்ற ஊர்களில் ஒரு மனைவி கண்ணீர் விட்டு, காலைக் கட்டிக்கொண்டு கெஞ்சினால் என்ன அர்த்தமோ, நெஸ்ட்ரூப்பில் அதற்கு இதுதான் அர்த்தம். என்ன ஆனாலும் சரி, ஜூன் கடைசி சனிக்கிழமை அவளை ஏரிக்கரையில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் போய்ச் சேராவிட்டால், பைன் மரத்தடியில் தண்ணீரை ஒட்டி இருக்கும் அவர்கள் இடத்தை முகாம்காரர்கள் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

ஜூன் நடுவில் கேம்பர் மேலிருந்த தார்ப்பாயை எடுத்துக் கூரையின் பின்மூலையை அழுத்தினார். கட்டைவிரல் உள்ளே போய்விட்டது. பனி மாதக்கணக்கில் உட்கார்ந்ததில் தகட்டின் இணைப்பு விட்டு, தண்ணீர் இறங்கி, உள்ளே இருந்த மரம் காபியில் நனைத்த ரொட்டி மாதிரி ஆகியிருந்தது. நல்லவேளை, ஒரு மூலைதான். மேலே உள்ள அலுமினியத் தகட்டின் ஓரத்தைக் கிளப்பி, மக்கிய ரீப்பரைச் சுரண்டி எடுத்துவிட்டு, லேசான புது மரத்தைப் பசை போட்டு உட்கார வைத்து, மெல்லிய பிளைவுட் ஒட்டி, தகட்டை மூடி, இணைப்பில் டேப் ஒட்டிவிட்டால் முடிந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். கூரை கனக்கக் கூடாது. அதைத் தூக்கிப் பிடிப்பது சுண்டுவிரல் பருமனில் பாதிகூட இல்லாத கம்பிவடங்கள்.

அவர் மக்கிய மரத்தைச் சுரண்டி முடித்த நேரத்தில் வேலியோரம் கார்மைன் வந்து நின்றார். நியூஜெர்சியில் வாழ்நாள் முழுக்க வீட்டுக் கூரை போட்டவர். இங்கே மகளுக்குத் துணையாக வந்து, புல் வளர்வதைப் பார்த்துக்கொண்டு, கை அரித்துப்போய் இருந்தார்.

“என்னப்பா வெர்லின், கூரை வேலையா?”

“ஆமாங்க, சின்ன வேலைதான்.”

“நான் வரேன். ரெண்டு பேருமா போட்டுத் தள்ளிடலாம்.”

“ஐயையோ, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்.”

இதற்கு எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. எதிராளி ‘இதுல என்ன சிரமம்’ என்று மறுபடி கேட்க வேண்டும். இவர் மறுபடி மறுக்க வேண்டும். மூன்றாவது முறையும் கேட்டால், தரையைப் பார்த்து யோசித்து, பட்டும் படாமலும் ஒரு பதில் சொல்லலாம். ஆகவே வெர்லின் அடுத்த மறுப்பைத் தயார் செய்துகொண்டு நிமிர்ந்தார். கார்மைனைக் காணோம். ஏணி எடுக்கப் போயிருந்தார்.

வந்தவர் கூரையை விரலால் சுண்டிப் பார்த்தார்.

“இதுக்குப் பேரு கூரையா? சாக்லேட் டப்பா மூடிப்பா இது.”

சொல்லிக்கொண்டே அலுமினியத் தகட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சரசரவென்று உரித்து எடுத்துவிட்டார். வெர்லின் பொது இடத்தில் இதுவரை பேசியதிலேயே கடுமையான வார்த்தை வாயில் வந்தது.

“இது... வித்தியாசமா இருக்குங்களே.”

சொல்லிவிட்டு அவருக்குக் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. கார்மைன் தகட்டைக் கீழே போட்டுவிட்டு அவர் தோளைத் தட்டினார்.

“பாத்தியா, உனக்குக் கண்ணு இருக்கு. இந்த ஊர்ல எவனும் வேலையக் கவனிச்சு ஒரு வார்த்தை சொல்றதில்லப்பா.”

அன்று சாப்பாட்டு மேஜையில் ஆர்டிஸ் கேட்டாள்.

“அவர்கிட்ட ஏதாவது சொன்னியா?”

“சொல்லிட்டேன்.”

“என்னன்னு?”

“வித்தியாசமா இருக்குன்னு.”

ஆர்டிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். “அவ்வளவு தூரம் போயிட்டியா?”

“வேற வழி தெரியல.”

“பாவம் மனுஷன். இனிமே நம்ம பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டார்.”

மனசு கேட்காமல், நடைக்குச்சியை ஊன்றிக்கொண்டே தோட்டத்து ரூபார்ப் தண்டில் ஒரு தட்டு இனிப்பு செய்தாள். விடிந்ததும் கொண்டுபோய்க் கொடுத்துச் சமாதானம் செய்துகொள்ளலாம் என்று. விடிந்தபோது கார்மைன் பின்வாசலில் நின்றார். வீட்டுக் கூரைக்குப் போடும் தடித்த பிளைவுட் பலகைகள் அவர் வண்டி நிறைய இருந்தன. முந்தைய நாள் வேலைக்குப் பரிசு என்று நினைத்து அந்தத் தட்டைக் காலி செய்துவிட்டு ஏணியில் ஏறினார்.

அதன் பிறகு வெர்லின் ஒவ்வொரு நாளும் எதிர்ப்புத் தெரிவித்துக்கொண்டேதான் இருந்தார். அதை நான் சொல்லியாக வேண்டும், அவர் பயந்து சும்மா இருந்துவிட்டார் என்று ஊரில் பேசுகிறார்கள். அது அபாண்டம். தடித்த பலகையை அறைந்தபோது, “சில பேர் இவ்வளவு கனமாப் போடமாட்டாங்க” என்றார். சில பேர் முட்டாளுங்க என்றார் கார்மைன். தார்ஷீட்டை ஒரு சுற்று விரித்து, தீயால் வாட்டி ஒட்டி, அதன்மேல் இன்னொரு சுற்று விரித்தபோது, “கொஞ்சம் எடை கூடுமோ என்னமோ” என்றார். கூடினால்தான் காற்றுக்கு அசையாது என்று பதில் வந்தது. வியாழக்கிழமை கூரையின் இரு ஓரத்திலும் மழைத்தண்ணீர் வடிய நீளத் தகரக் குழாய் பொருத்தி, மூலையில் வளைத்து இறக்கியும் விட்டார். வெர்லின் இரண்டடி பின்னால் போய் நின்று, “அட, இதப் பாருங்களேன்” என்றார். எங்கள் ஊரில் இதற்கு அடுத்த கட்டம் போலீஸைக் கூப்பிடுவதுதான்.

கார்மைனுக்கு அன்று சந்தோஷம் தாங்கவில்லை. மகளைக் கூட்டி வந்து காட்டினார்.

கொட்டகையில் தனியாக இருக்கும்போது வெர்லின் பயிற்சி எடுத்துக்கொண்டார். “கார்மைன், போதும். நிறுத்துங்க.” புல்வெட்டும் இயந்திரம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. ஆனால் வெளியே போய் அந்த மனிதரின் வேர்த்த, சிரித்த முகத்தைப் பார்த்ததும் வார்த்தையை மென்று முழுங்கிவிடுவார். பக்கத்துப் பக்கத்து வீடு. ஜனவரியில் கார் பனியில் சிக்கினால் தள்ள வருபவரை ஜூனில் ‘நிறுத்து’ என்று சொல்லிவிட்டு எந்த முகத்தோடு கூப்பிடுவது? இதற்கு நடுவில், படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஆர்டிஸின் துணிப்பை நிற்பதை அவர் பார்த்துவிட்டார். கட்டி, ஜிப் போட்டு, அவர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருந்தாள். மேலே நீச்சலுடை துருத்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் வேலை முடிந்தது. கார்மைன் மார்பில் கை கட்டி நின்றார். வெர்லின் நான்கு தாழ்ப்பாளையும் கழற்றி, கைப்பிடியை மாட்டிச் சுற்ற ஆரம்பித்தார். முதல் சுற்று, இரண்டாம் சுற்று. கேம்பர் முனகியது. ஒரு மூலை மட்டும் ஒரு சாண் எழும்பியது. பிறகு ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம், கம்பிவடம் அறுந்து சுருண்டது, கூரை தடாலென்று இறங்கி உட்கார்ந்தது. எதிர்வீட்டு நாய் குரைத்தது. தகரக் குழாய் மட்டும் இம்மி அசையவில்லை, அவ்வளவு சுத்தமான வேலை.

கார்மைன் கையைப் பிரித்துக்கொண்டு கிட்டே வந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“என்னப்பா பண்ற? கூரைய எதுக்கு மேல தூக்கற?”

“மேல போகணுங்களே.”

“கூரை மேலதானே இருக்கு?”

“இன்னும் மேல. போனாத்தானே உள்ள நிக்க முடியும், படுக்க முடியும்.”

“இதுக்குள்ள படுப்பீங்களா?” கார்மைன் குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தார், பக்கத்தைப் பார்த்தார். “நான் சாமான் வண்டின்னு நினைச்சேன். ஏம்ப்பா, இத்தன நாளா பக்கத்துல நின்னியே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாது?”

“சொன்னேங்க.”

“எப்ப?”

“முதல் நாளே. வித்தியாசமா இருக்குன்னு.”

“அது பாராட்டுப்பா.”

“இல்லைங்க.” வெர்லின் கைப்பிடியைக் கழற்றிக் கீழே வைத்தார். “எங்க ஊர்ல, அது... பாராட்டு இல்லைங்க.”

கார்மைன் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். முகத்தில் ஒவ்வொன்றாக ஏதோ வந்து போனது.

“சர்ச் விருந்துக்கு என் மீட்பால் குழம்பு கொண்டுவந்தேன். எல்லாரும் வித்தியாசமா இருக்குன்னாங்க.”

வெர்லின் ஷூவைப் பார்த்தார். “பூண்டு கொஞ்சம்...”

“என் வீட்டுக்கு மஞ்சப் பெயிண்ட்?”

வெர்லின் இன்னொரு ஷூவைப் பார்த்தார்.

“அடப்பாவிகளா,” என்றார் கார்மைன். கோபம் வந்தது அவருக்கு, வராமல் இருக்குமா. “நான் வேலை பாத்த இடத்துல, ‘யோவ், தப்பு, பிரிச்சுப் போடு’ன்னு கத்துவாங்க. நான் திருப்பிக் கத்துவேன். அப்புறம் ஒண்ணா சாப்பிடுவோம். இதுதான்ப்பா மனுஷனுக்கு மனுஷன் செய்ற மரியாதை. நீங்க என்னடான்னா சிரிச்சுக்கிட்டே குழி தோண்டறீங்க. சரி விடு. அடுத்த வாரம் புதுக் கம்பி வாங்கிப் போட்டு...”

“நாளைக்குப் போகணும்,” என்றார் வெர்லின்.

“ஒரு வாரம் கழிச்சுப் போயேன்.”

“நாளைக்குப் போகலேன்னா எங்க இடம் போயிடும்.” வெர்லின் வீட்டு ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். “ஆர்டிஸ் குளிர்காலம் பூரா சுவரப் பாத்துக்கிட்டுப் படுத்துக் கிடந்தா. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. நாப்பது வருஷத்துல அவ கேட்டதே அந்த ஒண்ணுதான். எனக்கு உங்க உதவி வேணும். இந்தக் கனத்தையெல்லாம் பிரிங்க. இப்பவே. நான் சொல்ற மாதிரி போடுங்க.”

சொல்லி முடித்ததும் அவருக்கே காது அடைத்தது. கார்மைன் எழுந்து கடப்பாரையை எடுத்தார்.

“இத முதல் நாளே சொல்லியிருந்தா பொழுதோட முடிச்சிருக்கலாம்ல?” என்றார். அதற்குமேல் அவருக்கு மனவருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

இருவரும் தார்ஷீட்டைக் கிழித்தார்கள், பலகையைப் பெயர்த்தார்கள். கார்மைன் தன் கொட்டகைக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த பழைய அலுமினியத் தகட்டை எடுத்து வந்து, கசங்கலை மரச்சுத்தியால் தட்டித் தட்டிச் சீராக்கினார். வெர்லின் லேசான ரீப்பரும் மெல்லிய பிளைவுட்டும் வைத்துப் பசை போட்டார். தகட்டைப் பரப்பினார்கள். டேப் ஒட்டினார்கள்.

“இந்தத் தகரக் குழாய மட்டும் விட்டுடலாமாப்பா? அழகா இருக்கு.”

“எடுத்துடுங்க,” என்றார் வெர்லின். இரண்டாவது தடவை அவ்வளவு கஷ்டமாக இல்லை.

பொழுது சாய்ந்தபோது கூரை பழைய எடைக்கு வந்துவிட்டது. ஆனால் அறுந்த கம்பிவடத்துக்கு மாற்று எந்தக் கடையிலும் இல்லை. ஆகவே ஏரிக்குப் போனதும் மூலைக்கு ஒருவராக நான்கு பேர் கையால் தூக்கி, கீழே முட்டுக்கட்டை கொடுக்க வேண்டியதுதான். அதற்கு நாலு கட்டைகளை அளவாக அறுத்துக் கேம்பருக்குள் போட்டார்கள்.

சனிக்கிழமை காலை ஆர்டிஸ் காரில் ஏறி உட்கார்ந்தாயிற்று. வெர்லின் கொக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது கார்மைன் வந்தார். தோளில் பை, ஒரு கையில் தூண்டில், மறு கையில் மூடி போட்ட பெரிய பானை.

“தூக்க ஆளு வேணும்ல? நானும் வரேன். கீழ படுத்துக்கறேன், எனக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல.”

வெர்லினின் வாய் பழக்கத்தில் தானாகத் திறந்தது. “ஐயையோ, உங்களுக்கு எதுக்குங்க...”

“வேண்டாம், கார்மைன்,” என்றாள் ஆர்டிஸ்.

கார்க் கண்ணாடி முழுக்க இறங்கியிருந்தது. வெர்லின் கொக்கியைப் பிடித்துக்கொண்டார். வானம் இடிந்து விழவில்லை, ஆனால் விழுந்திருந்தால் அவர் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டார்.

“நீங்க வராதீங்க. நாங்க ரெண்டு பேர் மட்டும் போறோம். குளிர்காலம் பூரா வீடு நிறைய ஆளுங்க. ஆளுக்கொரு தட்டு உருளைக்கிழங்கு போட்டு வேகவெச்ச ஹாட்டிஷ் கொண்டுவந்து, அது ஆறிப்போற வரைக்கும் உக்காந்து பேசிட்டுப் போனாங்க. இந்த மனுஷன் அவங்களுக்குக் காபி போட்டே பொழுதத் தீத்துட்டார். பக்கத்து ரூம்ல இவர் குரல் கேக்கும், இவர் வரமாட்டார். எனக்கு ஏரி கீரி எல்லாம் அப்புறம். எனக்கு இவரோட ஒரு வாரம் வேணும்.”

கார்மைன் பையைத் தோளிலிருந்து இறக்கினார்.

“சரிம்மா,” என்றார். அவ்வளவுதான். நாற்பது வருடமாக வெர்லின் நடுங்கிக்கொண்டிருந்த அந்தச் சொல்லுக்கு உலகம் கொடுத்த பதில் ‘சரிம்மா’. “அப்ப இந்தப் பானைய மட்டும் எடுத்துட்டுப் போங்க.”

“பூண்டு போட்டிருக்கா?”

“நிறைய.”

“குடுங்க. ஆனா அங்க தூக்க ஆளுக்குக் கவலைப்படாதீங்க. ஏரிக்கரை பூரா ஆளுங்கதான். இவர் கேப்பார்.”

வெர்லினால் அவளைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. காது இரண்டும் சூடாகிவிட்டன. ஒருத்தி, அதுவும் மூன்றாம் மனிதர் முன்னால், தனக்கு இவர் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அவர் காரைச் சுற்றி நடந்து நான்கு டயரையும் உதைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தன. மறுபடியும் ஒரு சுற்று போனார்.

ஏரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. பக்கத்து இடத்தில் ஒரு குடும்பம் அடுப்பில் மீன் சுட்டுக்கொண்டிருந்தது. வெர்லின் போய் அந்தக் குடும்பத் தலைவரிடம் மழை வருமா என்று கேட்டார். மீன் எப்படிக் கடிக்கிறது என்று கேட்டார். கொசு போன வருடத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறதே என்றார். பின்னால் காரில் ஆர்டிஸ் ஹாரனை அழுத்தி, கையை எடுக்காமல் வைத்திருந்தாள்.

“கூரையத் தூக்கணும்,” என்றார் வெர்லின். “மூணு பேர் வேணும்.”

மூன்று பேர் கேட்டதற்கு ஏழு பேர் வந்தார்கள். கூரை ஒரே மூச்சில் மேலேறியது. முட்டுக்கட்டைகள் நின்றன, துணிச்சுவர் விரிந்தது, படுக்கைகள் நீண்டன. ஆர்டிஸ் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி, உள்ளே போய்ப் படுத்தாள்.

வந்தவர்கள் போகவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் சட்டென்று போய்விடமாட்டார்கள். “சரி, அப்ப கிளம்பறோம்” என்று தொடையைத் தட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஒருவர் கூரையைப் பற்றி விசாரித்தார், இன்னொருவருக்குத் தன் கூரையைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது. ஓர் அம்மாள் இனிப்புக் கட்டிகளை எடுத்து வந்தாள். அந்தத் தட்டில் கடைசி ஒன்றை யாரும் எடுக்காமல் பாதியாக வெட்டினார்கள், பிறகு அந்தப் பாதியையும் வெட்டினார்கள். வெர்லின் தலையாட்டிக்கொண்டு நின்றார். மறுபடியும் கிளம்பறோம் என்றார்கள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

“வெர்லின்.”

“ம்?”

“உள்ள வந்து கதவச் சாத்து.”

வெர்லின் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். எல்லோரும் நல்லவர்கள், கூரையைத் தூக்கிக் கொடுத்தவர்கள். யார் மனமும் நோகாதபடி சொல்வதற்கு ஒரு நூறு வாக்கியம் அவருக்குத் தெரியும்.

“நாங்க உள்ள போறோம்,” என்று சொல்லிவிட்டு ஏறிக் கதவைச் சாத்தினார்.

வெளியே அவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் நின்று கொசுவைப் பற்றிப் பேசினார்கள். உள்ளே ஆர்டிஸ், ஒரு கையை ஊன்றி, நகர்ந்து படுத்து இடம் விட்டாள்.